சிடியின் அடியில் இருந்த பிறந்தநாள்

என் வீட்டுக்காரர் வேதமுத்துவுக்கு ஆண்டவர் வாயைக் கொடுத்தது சாப்பிட மட்டும்தான். பேசுவதற்கான பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன், லூசியம்மாளாகிய நான். பலகைத் தடுப்புக்குப் பின்னால் அவரும் அவருடைய கம்ப்யூட்டரும்.

தூத்துக்குடியிலிருந்து வந்த புதிதில் கல்யாண வீடுகளில் வீடியோக்காரனுக்கு லைட் பிடித்தார். பிறகு சொந்தக் கேமரா வாங்கினார். ஆனால் கூட்டத்தில் நின்று, “மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க” என்று ஒரு சொல் சொல்ல வராது. மாப்பிள்ளைகள் எல்லாம் அவர் படத்தில் கடன்காரனைக் கண்ட மாதிரி முழித்துக்கொண்டு நிற்பார்கள். கேமராவை விற்கச் சொன்னேன். விற்றுவிட்டு சிடி எழுதிக் கொடுக்க உட்கார்ந்தார். அந்த வேலை அவருக்குப் பொருந்தியது. கம்ப்யூட்டர் பதில் பேசச் சொல்லாது அல்லவா!

கண்டவர்களும் கொண்டுவந்து சொருகும் பென் டிரைவால் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்து வந்து படுத்தபோது, யாரோ சொன்னார்கள் என்று வைரஸ் எளிதில் அண்டாத லினக்ஸைப் போட்டுக்கொண்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அடிப்பார். “என்ன, ஜெபமா நடக்கு?” என்று நான் தடுப்பைத் தட்டுவேன். “ம்” என்பார். அவ்வளவுதான் பதில்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறந்து கண்டிப்பாகப் பேசுவார். எங்கோ ஒரு ஸ்டுடியோவில் கொடுத்த பெண்பிள்ளைகள் படம் ஊரெல்லாம் சுற்றியதாகக் கேள்விப்பட்டதிலிருந்து, வாடிக்கைக்காரர் சரக்கில் ஒரு காப்பிகூட அவர் கம்ப்யூட்டரில் வைக்கமாட்டார். எழுதிக் கொடுத்த கையோடு அழித்துவிடுவார். வந்தவர்களுக்கும் புத்தி சொல்வார்: “புதுசுல காப்பி எடுத்தாச்சுன்னா பழச உடைச்சிருங்க. முழுசா குப்பையில போடாதீங்க.” பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தது இதற்காகத்தான். எனக்கும் அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் மாதா கேட்பாள்.

ஆண்டாப் ஹில்லில் இருந்த விஜயராணியும் அப்படித்தான் வந்தாள். அவள் புருஷன் பூலோகம் டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். இவர்களுடைய மூத்தது ஷாலினி. அதன் மூன்றாவது பிறந்தநாளைப் பூலோகத்தின் சிநேகிதன் ஒருவன் கேமராவில் பிடித்திருந்தான். அதை நாங்கள்தான் சிடியில் எழுதிக் கொடுத்தோம். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அந்தப் பிள்ளை போய்விட்டது. சயான் ஆஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள், என்ன பிரயோசனம்? இருந்த போட்டோக்களையெல்லாம் மாமியார் சொர்ணம்மாள் பிள்ளையோடு சேர்த்துக் குழியில் வைத்துவிட்டாள். சிடி மட்டும் பீரோவில் தங்கிவிட்டது.

அப்புறம் கௌசிக் பிறந்தான். அவனுக்குப் பேர் விட்ட விசேஷ வீடியோவோடு விஜயராணி கடைக்கு வந்தாள். கையில் அதே பழைய சிடி.

“அண்ணாச்சி, இதுல இருக்கத அழிச்சிட்டு, தம்பி படத்த எழுதிட்டு வரச் சொன்னாவ அத்த. செத்த பிள்ள முகம் பிறந்த பிள்ள கண்ணுல படக்கூடாதாம்” என்றாள். சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டு போனது.

“இந்தச் சிடியில அழிக்க முடியாது தாயி” என்றார் இவர். “ஆனா மறைக்கலாம்.”

அன்றைக்குத்தான் அவர் ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டேன். சிடியை எழுதி மூடாமல் விட்டால் மிச்ச இடத்தில் பிறகும் எழுதலாம். ஒவ்வொரு தடவை எழுதுவதும் ஒரு செஷன். புதியதை எழுதும்போது பழையதன் விலாசத்தையும் சேர்த்து எழுதினால் எல்லாம் தெரியும். சேர்க்காமல் விட்டால் புதியது மட்டும் தெரியும். பழையது எங்கும் போகாது, அடியில் அப்படியே கிடக்கும். லினக்ஸில், முதல் செஷனைத் திற என்று கேட்டால் திறக்கும்.

“அப்ப என் பிள்ள உள்ளேயே இருப்பாளா?” என்று கேட்டாள்.

“இருப்பா. எப்ப வேணும்னாலும் வா, திறந்து தாரேன்.”

சொர்ணம்மாள் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்து, கௌசிக் மட்டும் தெரிந்ததில் திருப்திப்பட்டாளாம். பிறகு அவனுடைய மற்ற விசேஷங்களையும் அதே சிடியில்தான் எழுதிக் கொடுத்தோம். அதிலிருந்து வருஷா வருஷம் ஷாலினி பிறந்தநாளுக்கு, மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விஜயராணி சிடியோடு வந்துவிடுவாள். தடுப்புக்குப் பின்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு என்னிடம் ஒரு கிளாஸ் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள்.

ஒரு தடவை கேட்டேன், “ஏட்டி, பென் டிரைவுல போட்டு வச்சுக்கிட்டா என்ன? இதுக்குன்னு எதுக்கு அலையுத?”

“வீட்டுல இருந்தா தினமும் பாப்பேன் அக்கா. தினமும் பாத்தா பாகல் ஆயிருவேன், பைத்தியந்தான். அண்ணாச்சியும் காப்பி வச்சிக்கிட வேண்டாம். ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும்.”

காப்பி வைக்காதே என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லவும் வேண்டுமா!

இதில் விஜயராணிக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதே சிடியை எடுத்துக்கொண்டு பூலோகமும் வருவான். பிள்ளை செத்த நாளில், ஷிப்டை மாற்றிக்கொண்டு வருவான். முதல் தடவை வந்தபோது, “இதுல முன்ன இருந்தத ஏதாவது பண்ணி எடுக்க முடியுமா அண்ணாச்சி?” என்று கெஞ்சினான். இவர் மறுபேச்சில்லாமல் திறந்து கொடுத்தார். போகும்போது அவன், “ராணிகிட்ட சொல்லிராதீங்க. அவ மறந்து ஒரு மாதிரி தேறிட்டா. கிளற வேண்டாம்” என்றான். அவளோ என்னிடம், “அவுக மறந்துட்டாவ அக்கா. ஆம்பிள மனசு. ஞாபகப்படுத்த வேண்டாம்” என்பாள்.

எனக்கு வயிற்றெரிச்சல். இரண்டு பேரும் ஒரே கோலியில், ஒற்றை அறையில் படுத்து எழுந்துகொண்டு, தனித்தனியே இங்கே வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். “ஒரு வார்த்த சொல்லித் தொலையுங்களேன்” என்று இவரிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டேன். “அவங்க ரகசியத்த நான் எப்படிச் சொல்ல?” என்பார். எனக்கும் வாய்ப்பூட்டு போட்டுவிட்டார். ஊர் உலகத்துக்கெல்லாம் வாய் காட்டுகிற நான் இதில் மட்டும் அவருக்கு அடங்கிப் போனேன். பாவி மனுஷன்!

போன வருஷம் சொர்ணம்மாள் காலமானாள். ஈஸ்டருக்கு நாங்கள் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கியதுமே பூலோகம் வந்து நின்றான். அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். கையில் ஒரு பென் டிரைவ்.

“அம்மா போயாச்சு, கௌசிக்கும் வளந்துட்டான். இனி எதுக்கு மறைக்கணும் அண்ணாச்சி? வெள்ளிக்கிழம ஷாலினி பிறந்தநாளு. வீட்டு டிவியில போட்டு ராணிக்குக் காட்டப் போறேன். சிடியில வெள்ளிப் பூச்சு உரிய ஆரம்பிச்சிருந்துச்சு, பயந்துட்டேன். உங்க கட பூட்டியிருந்துது. ஸ்டேஷன்கிட்ட ஒரு மொபைல் கடையில மொத்தத்தையும் இதுல ஏத்திட்டேன். அடியில இருக்கத எப்படித் திறக்கதுன்னு மட்டும் சொல்லிக் கொடுங்க.”

இவர் பென் டிரைவைச் சொருகினார். ஏதோ அடித்தார். மறுபடியும் அடித்தார். நான் ஜெராக்ஸை நிறுத்திவிட்டுப் போய் நின்றேன்.

“சிடி எங்க?” என்றார்.

“உடைச்சிட்டேன் அண்ணாச்சி. நீங்கதான சொல்லுவீங்க, காப்பி எடுத்ததும் உடைச்சிரணும்னு. கத்திரியால துண்டு துண்டா வெட்டி குப்பை வண்டியில போட்டேன்.”

கடைக்காரன் கண்ணுக்குத் தெரிந்த கோப்புகளைத்தான் ஏற்றியிருக்கிறான். கௌசிக் பேர் விட்டது, மொட்டை போட்டது, பள்ளிக்கூட டான்ஸ். ‘சப் ஆ கயா’, எல்லாம் வந்துவிட்டது என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவனை என்ன குறை சொல்ல? அடியில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அவனுக்கு என்ன ஜோசியமா தெரியும்?

“இதுல இல்ல தம்பி” என்றார் இவர்.

“நல்லா பாருங்க அண்ணாச்சி.”

பார்த்தார். இல்லாததை எத்தனை தடவை பார்ப்பது! பூலோகம் ஸ்டூலில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. “அவகிட்ட சொல்லிராதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில் விஜயராணி வெறுங்கையோடு ஓடி வந்தாள். “சிடிய காணும் அக்கா! பீரோ முழுக்கத் தேடிட்டேன். அந்தக் கிழவிதான் சாகுததுக்கு முன்ன தூக்கி எறிஞ்சிருக்கா. பாவி, அவளுக்கு நல்ல கதி கிடைக்குமா? மண்ணுக்குள்ள போயும் என் பிள்ளய விடலியே!” வாயில் வந்த சாபமெல்லாம் விட்டாள்.

இவர் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். “செத்தவளத் திட்டாத தாயி. அவ எடுக்கல” என்றார். பிறகு போனை எடுத்து, “பூலோகம், கடைக்கு வா. ராணி இங்க இருக்கா” என்றார். வாழ்நாளில் முதன்முதலாக மனிதர் ஒரு ரகசியத்தை உடைத்தார், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

பூலோகம் வந்து வாசலில் நின்றான். அங்கே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் முழுதாகக் கேட்டாள்.

“வருசா வருசம் வந்தீங்களா?”

“ம். நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்.”

“நான் மறப்பேனா? பெத்தவ மறப்பேனா?” என்று அவன் நெஞ்சில் அடித்தாள். அடித்த கையாலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். “ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா சேர்ந்தே வந்திருப்போமே!”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. என்மேலும் வந்தது. அடங்கிப் போகாத நான் இதில் மட்டும் எதற்கு அடங்கிப் போனேன்?

டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்கள். பூலோகம்தான் ஆரம்பித்தான். “கேக்கு வெட்டச் சொன்னா, ரோஸ் கவுனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்துவா பாரு...”

“ரோஸ் இல்ல, மஞ்சள். நான்தான தச்சேன்.”

“தச்சது தீவாளிக்கு. பிறந்தநாளுக்குப் போட்டது மாட்டுங்கா கடையில வாங்குனது. ரோஸ்.”

“மஞ்சள்ங்க. வருசா வருசம் பாத்தேனே.”

“நானும் பாத்தேனே ராணி.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. என்ன கலரு?”

இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். “தெரியாது தாயி. ஓடுதான்னு பாத்ததும் எந்திரிச்சு வெளிய போயிருவேன். அடுத்தவங்க பிள்ளய நான் எதுக்குப் பாக்கணும்னு... நான் ஒரு தடவகூட முழுசாப் பாக்கல” என்றார். சொல்லிவிட்டு அதால் முகத்தை மூடிக்கொண்டார்.

விஜயராணி புருஷனிடம் திரும்பி, “மஞ்சள்தாங்க” என்றாள்.

“சரி, மஞ்சள்தான்” என்றான் பூலோகம்.