ஒற்றைப் பனைக்கு நேரே

அண்ணன் அந்தப் பனையை வெட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன்மேல் கோபம். என்மேல் அதைவிடக் கோபம்.

சண்டை ஓய்ந்திருந்த மாதங்கள் அவை. வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் சுழியோட வைக்க இடம் தேடி, கொழும்பிலிருந்து ஒரு ஓட்டல்காரன் எங்கள் ஊர் உடப்புக்கு வந்தான். எங்கள் கரை முழுக்க மணல். நீந்தினால் கலங்கல்தான் தெரியும். நான் காட்டிய நாலைந்து இடத்திலும் தலையை நனைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மல்லி, தம்பி, மணலைப் பார்க்கவா அவங்க பிளேன் ஏறி வாறாங்க? மீன் நிக்கிற கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போ."

அப்படி ஒரு கல் கடலுக்கடியில் எங்களுக்கு இருந்தது. வீட்டு வளவு அளவுதான். அதில் தூண்டில் போட்டுத்தான் அண்ணன் நாலு பிள்ளைகளை வளர்த்தான். கடலிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரத்துக்கு நேரே எங்கள் ஒற்றைப் பனை வரவேண்டும். வடக்கே பள்ளிவாசல் மினாராவுக்கு நேரே தண்ணீர்த் தாங்கி வரவேண்டும். இரண்டும் பொருந்துமிடத்தில் கல். இந்தக் குறியை எங்கள் ஊரில் சம்பந்திக்குக்கூடச் சொல்லமாட்டார்கள்.

நான் கூட்டிப்போனேன். குறியைச் சொல்லவில்லைத்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி ஒன்று வைத்திருந்ததற்காக என்னைப் பகல் முழுக்க வெயிலில் நிறுத்திய அதே இராணுவக் காவலரணில், அவனுடைய காற்றுச் சிலிண்டர்களுக்குச் சிரித்துக்கொண்டு வழிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகும் படகை விட்டேன், வெட்கங்கெட்டவன்.

கல்லுக்கு மேலே போனதும் அவன் கரையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த சின்ன மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினான். "இடம் இதில பதிஞ்சிட்டுது, இனி நீ வராட்டியும் பரவாயில்லை," என்றான்.

பின்னேரம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அவன் பனையப் பாத்தானா?" என்று மட்டும் கேட்டான். மெஷினைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடிந்ததும் கோடரியை எடுத்தான்.

"பனை இல்லாம எப்படி வாறான் பாப்பம்."

"உனக்கு?"

"எனக்குக் கடல் தெரியும்."

தெரியவில்லை. நாள்கணக்காகச் சுற்றினான், நங்கூரம் மணலையே கிள்ளிக்கொண்டு வந்தது. ஓட்டல் படகோ காலையில் நேரே போய் நின்றது. கடைசியில் ஒருநாள் அண்ணன் அதன் பின்னாலேயே தன் வள்ளத்தை விட்டான், எங்கள் கல்லைக் கண்டுபிடிக்க. கிட்டப் போனதும் கையை ஆட்டி விலகிப்போகச் சொன்னார்கள். கீழே ஆட்கள் நீந்துகிறார்களாம்.