கேசரிப் பொடியும் காசிமாயன் வேட்டியும்

உதவி வேளாண்மை அலுவலராக மயிலாடும்பாறைப் பக்கம் மாற்றலாகி வந்த முதல் நாள், காசிமாயன் என்ற விவசாயியின் கத்தரித் தோட்டத்துக்குப் போனேன். அவர் வாளியில் பூச்சிமருந்தைக் கையால் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, பொட்டலத்திலிருந்து ஒரு உளுந்தவடையை எடுத்து நீட்டினார்.

"புதுசா வந்துருக்கீக. சாப்பிடுங்க மேடம்."

மறுத்தால் வருத்தப்படுவார். வாங்கிக்கொண்டு, இன்றைக்கு விரதம் என்று சொல்லிக் கைப்பையில் போட்டேன். எந்தச் சாமிக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், விவசாயிகளை எப்படிப் பேசி மாற்றினீர்கள் என்று கேட்கிறார்கள். நான் யாரையும் பேசி மாற்றியதில்லை. காசிமாயனை ஒரு முறை ஏமாற்றப் பார்த்தேன். அதுவும் நான் போட்ட கணக்கில் முடியவில்லை.

1. வாடை

காசிமாயனுக்கு ஒன்றரை ஏக்கர் கத்தரி. காய்ப்புழு இருக்கிறதோ இல்லையோ, வாரம் தவறாமல் மருந்தடிப்பார். கடையில் சொன்னார்கள் என்று மூன்று மருந்தை ஒன்றாகக் கலப்பார். மாஸ்க் கிடையாது, கிளவுஸ் கிடையாது. மருந்து பீச்சுகிற நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார்.

"வாடை மூக்குல ஏறுனாத்தான் மேடம் மருந்து. மூக்க மூடிக்கிட்டா அது வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம், பூச்சியை எண்ணிப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் அடிக்கலாம் என்றேன்.

"நம்ம எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது தோட்டத்த முடிச்சுரும்" என்றார்.

அவர் மனைவி பேச்சியம்மாவுக்கு அடிக்கடி தலைவலி, குமட்டல். திருஷ்டி என்று நினைத்து வீரபாண்டிக் கோயிலில் மந்திரித்த கயிறு கட்டியிருந்தார். பேச்சியம்மா மருந்தடிக்கிற பக்கமே போவதில்லை என்பதால், நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

2. சாம்பிள்

மூன்று மாதம் பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு நாள் மளிகைக் கடையில் கேசரிக்குப் போடும் சிவப்புப் பொடி நாலு பாக்கெட் வாங்கினேன். சாப்பிடும் பொடியாகப் பார்த்து வாங்கியதற்குக் காரணம், அது அவர் வாய்க்குள் போகும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்ததுதான்.

"அண்ணே, ஒரு சாம்பிள் வந்திருக்கு. இந்த ஊர்ல வேற யாருக்கும் குடுக்கல. அடிச்சுப் பாக்குறீங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது எதைக் கொல்லும்?"

"அடிச்சு முடிங்க, சொல்றேன்."

ஆபீஸில் டெமோவுக்கு வைத்திருந்த, மருந்தே படாத புது ஸ்பிரேயரைக் கொடுத்தேன். வெறும் தண்ணீரில் பொடியைக் கரைத்து ஊற்றினேன். நாசிலுக்குள் ஒரு மணல் துகளையும் நான்தான் வைத்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எதிர்பார்த்தபடி நாசில் அடைத்தது. எதிர்பார்த்தபடி ஊதினார். நடுவில் ஒரு பீடி பற்றவைத்தார், கழுத்தைச் சொறிந்தார், வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தார். நான் கடமையே கண்ணாகத் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பாத்தி முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, அவருடைய பைக்கின் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினேன். உதடு, மூக்கு, காதுமடல், கழுத்து எல்லாம் சிவப்பு. ஸ்பிரேயர் தளும்பிச் சட்டை முதுகு முழுக்கச் சிவப்பு. வேட்டியில் எங்கே சிவந்திருந்தது என்று எழுத வேண்டியதில்லை.

"இது வெறும் சாயம் அண்ணே. மருந்தா இருந்தா இத்தனை இடத்துலயும் மருந்து."

காசிமாயன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது வருசமா அடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு? உடம்பு பழகிருச்சு மேடம்."

பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று மாத உழைப்பும் நாலு பாக்கெட் பொடியும் வீண் என்று நினைத்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

3. வாளி

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேச்சியம்மா ஆபீஸுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் ரோஸ் நிறத்தில் ஒரு வேட்டி. தோட்டத்துக்குக் கட்டிவந்த வேட்டி இல்லை; வீரபாண்டித் திருவிழாவுக்குக் கட்டுவதற்காகக் காசிமாயன் வாங்கிவைத்த வெள்ளை வேட்டி அது.

"மேடம், இதுக்கு யாரு பதில் சொல்றது?"

துவைத்தால் போய்விடும் என்றேன்.

"மூணு தடவ கசக்கிட்டேன்."

புது வேட்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வேட்டியைத் தூக்கி மேசையில் வைத்தார். வாளிக்குள் இன்னும் துணி இருந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து இரண்டு மாதம். அதன் அரைத்துணிகள் எல்லாம் ரோஸ் நிறத்தில் கிடந்தன. ஒன்றை விரித்துக் காட்டினார். அவர் உள்ளங்கையும் சிவந்திருந்தது.

"இவரு சட்டையோடதான் எல்லாத்தையும் ஊறப்போடுவேன். வாரா வாரம் மருந்தடிச்ச சட்டையையும் அப்படித்தான் ஊறப்போட்டேன்."

நான் அந்த அரைத்துணியைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

"எனக்குத் தலை வலிக்கிறது எல்லாமே துவைக்கிற அன்னிக்குத்தான் மேடம். இப்பத்தான் யோசிச்சுப் பாக்குறேன்."

அதை நான் யோசித்திருக்க வேண்டும். எனக்குத்தான் அதற்குச் சம்பளம். அந்த நிமிடத்தில் என் குறும்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், துவைத்த விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள் என்று அன்றைக்கே ஆண்டிபட்டிக்கு அனுப்பிவைத்தேன்.

4. ஆம்பளைப் பூச்சி

அன்று மாலையே மருந்து வைக்கும் அறையின் சாவி பேச்சியம்மாவின் இடுப்புக்குப் போய்விட்டது. காசிமாயன் என்னைத் தேடி வந்தார்.

"உங்களால என் வீட்டுல எமர்ஜென்சி நடக்குது மேடம். அந்தப் பொறியக் குடுங்க."

பொறி மாட்டினோம். பெண் பூச்சியின் வாசனை உள்ளே இருக்கும், ஆண் பூச்சி தேடி வந்து மாட்டிக்கொள்ளும் என்று விளக்கினேன். பேச்சியம்மா பொறிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பொண்ணே இல்ல, வாடைக்கேவா இத்தன பேரு?" என்றார். காசிமாயன் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

வாடிய நுனித் தண்டுகளைப் புழுவோடு வெட்டி எடுத்தோம். துளை விழுந்த காய்களைப் பறித்து அழித்தோம். பேச்சியம்மா தினமும் பொறியில் விழுந்ததை எண்ணிக் காலண்டரில் எழுதினார். நடுவில் ஒரு வாரம் எண்ணிக்கை ஏறியது. எனக்குத் தூக்கம் போயிற்று. காய் போனால் ஊரே என்னைத்தான் கேட்கும். தோட்டத்துக்குள் நடந்து சேதத்தைக் கணக்கெடுத்து, இப்போது அடிக்கலாம், ஒரே ஒரு மருந்து, அளவோடு என்றேன்.

காசிமாயன் முழுக்கைச் சட்டை, மாஸ்க், கிளவுஸ் போட்டுக்கொண்டு, காற்று அடங்கியிருந்த காலை நேரத்தில் இறங்கினார். பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று, "ஏலே மாயா, கத்தரிக்காய்க்கு ஆபரேசனா?" என்றார்.

"வீட்டுல சாவி தரணும்ல" என்றார் காசிமாயன்.

அந்த வெள்ளாமையில் அவர் அடித்தது இரண்டே தடவை. சொத்தைக் காய் கொஞ்சம் விழுந்தது, ஆனால் வியாபாரி லோடைத் திருப்பவில்லை. மருந்துச் சட்டைக்குத் தனி வாளி வந்தது. துவைக்கும்போது கிளவுஸ் வந்தது. பேச்சியம்மாவுக்குத் தலைவலி குறைந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை, அதனால் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மருந்து அடிக்கிறவரை மட்டும் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். அவர் சட்டையைத் துவைக்கிறவரையும் கூப்பிடுங்கள். அடுத்த பயிற்சிக்கு நான் அப்படித்தான் கூப்பிட்டேன். வழக்கமாகப் பாதி நாற்காலி காலியாக இருக்கும். அன்றைக்கு ஆண்கள் சுவரோரம் நிற்க வேண்டியதாயிற்று.

மேலதிகாரி ஒரு மருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டி, மாஸ்க் படம், கிளவுஸ் படம், பூட்ஸ் படம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பேச்சியம்மா எழுந்தார்.

"சார், எல்லாம் அடிக்கிறவுகளுக்குப் போட்டிருக்கீக. துவைக்கிறவ படம் எங்கன இருக்கு?"

அதிகாரி டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்னொரு சுற்றுச் சுற்றினார்.