ஆயிரத்து இருபத்துநான்குக்குக் கீழே

ஓய்வுபெற்ற நாளன்று எங்கள் பிரிவுத் தலைவி கணினி முன் அமர்ந்து தம் கடவுச்சொல்லைத் தட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருடைய கணக்கை, அவர் கேட்டபடியே, சற்று முன்புதான் நான் மூடியிருந்தேன். அனுமதி இல்லை என்றது திரை. "ஓம், இப்ப சரி" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கந்தளாய் பஸ்ஸுக்குப் போனவர், பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகள் வைத்திருந்த ஒரு கம்பனியின் கணினிப் பிரிவு அது. படகுகளிலிருந்த கருவிகள் தாம் நிற்கும் இடத்தை எங்கள் கணினியின் 514ஆம் போர்ட்டுக்கு, அதாவது செய்தி நுழையும் எண்ணிட்ட வாசலுக்கு, மட்டுமே அனுப்பும். 1024க்குக் கீழுள்ள போர்ட்டைப் பிடிக்க, எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கு வேண்டும். அதனால் அந்தச் செய்திகளை வாங்கத் தலைவி சி மொழியில் எழுதிய நிரல் ரூட்டாகத் தொடங்கும். போர்ட்டைப் பிடித்துக்கொண்டதும் அதிகாரத்தை விட்டுவிட்டுச் சாதாரணப் பயனராகிவிடும். அதோடு அவர் விடவில்லை. மறுபடி ரூட்டாக முயன்று பார்க்கவும் நிரலில் எழுதியிருந்தார். அந்த முயற்சி பலித்தால் நிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். "விட்டுட்டன் எண்டு சொன்னாக் காணாது தம்பி, திரும்ப எடுக்க ஏலாதெண்டும் பாக்கோணும்" என்பார். விலகுகிறவரின் கணக்கை அன்றே மூட வேண்டும் என்று நடைமுறைக் கையேட்டில் எழுதியவன் நான். நல்ல தமிழில், உட்பிரிவுகளோடு எழுதினேன்.

என் முறை வந்தபோது மாலை போட்டார்கள், ஒரு மணிக்கூடு தந்தார்கள். என் கணக்கை மூடச் சொல்ல மறந்துவிட்டேன். மறதி என்பது நான் அதற்கு வைத்துக்கொண்ட மரியாதையான பெயர். வீட்டிலிருந்தபடி மாலைதோறும் உள்ளே போய், படகுகள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பேன். என் கடவுச்சொல் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. என்னை இன்னும் நம்புகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

போன மாதம் ஒருநாள் நிரல் ஓடவில்லை. யாரையும் கேட்காமல் நானே தொடக்கினேன். 514ஐப் பிடிக்க அனுமதி இல்லை என்று பதில் வந்தது. எழுத்துப் பிழையாக்கும் என்று மறுபடி தட்டினேன். அதே பதில். தொலைபேசி அடித்தது. இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் மூதூர்ப் பெண். என்னிடம் வேலை பழகியவள்.

"சேர், நாங்கதான் நிப்பாட்டி வெச்சிருக்கம். புது மெஷின் போடுறம். நீங்க கரைச்சல்படாதீங்க."

"நான் முயற்சி செய்தது எப்பிடித் தெரியும்?"

"நீங்க ஒவ்வொரு நாளும் வாறது தெரியும் சேர்." சற்றுத் தயங்கினாள். "நீங்க போன அண்டைக்கே ரூட் அதிகாரத்த எடுத்துட்டம். உள்ளே வந்து பாக்க மட்டும் விட்டிருக்கம். முழுசா மூடினா உங்களுக்கு மனசு நோகுமெண்டு எல்லாரும் சொன்னாங்க."

எல்லாரும். அதைப் பற்றிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். கன்டீனில், தேநீரோடு. வீட்டுக் கிழவருக்குச் சாய்மனைக் கதிரையை விட்டுவைப்பதுபோல.

"மூடிவிடுங்கோ" என்றேன்.

"கோவமா சேர்?"

"இல்லை. அதுதான் நடைமுறை."

அவள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "சரி சேர்" என்று மிகப் பணிவாகச் சொல்லி வைத்தாள்.

குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆரப்பா எடுத்தது?"

"ஒபிசிலயிருந்து. ஏதோ சந்தேகமாம், கேட்டவை."

"நீங்கள் இல்லாமல் அவையளுக்கு ஏலாது" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.