லைனுக்கு அந்தப் பக்கம்

ஊர் வரைபடத்தைப் பிரிக்கும் முன் அவர் பேனா முனையை இடது கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பார். நகத்தில் நீலக் கீற்று விழுந்தால்தான் தாளைத் தொடுவார். பிறகு தாளை, தங்க இடம் கேட்டு வந்தவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் தலைகீழாகப் பார்த்தபடியே வரைவார். முதல் வட்டம் ஏரிக்கரைக்கு. இரண்டாவது, கோர்ட்டைச் சுற்றியிருக்கும் நிழலான தெருக்களுக்கு. மூன்றாவதாக, வாயைத் திறக்காமல், ரயில் பாதைக்குத் தெற்கே சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதைப் போடும்போது மட்டும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"அங்க என்ன சார்?" என்று சிலர் கேட்பார்கள்.

"லைனுக்கு அந்தப் பக்கம். குடும்பத்தோட வர்றவங்களுக்குச் சரிப்படாது."

வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். ஊருக்குப் புதியவனுக்கு எது நல்லது என்பதைவிட எது கெட்டது என்று சொல்லுகிறவன்மேல்தான் நம்பிக்கை அதிகம். அவர் மாலை ஆறு மணிக்கு ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, முன்வாசல் வழியாக வெளியே வந்து, ரயில் நிலையத்தின் சுவரோடு ஒட்டி நடந்து, கடைசியில் இருக்கும் இரும்பு மேம்பாலத்தில் ஏறி, லைனுக்கு அந்தப் பக்கம் இறங்கி வீட்டுக்குப் போவார். அந்தப் பெருக்கல் குறியின் கீழ்க்கால் ஏறக்குறைய அவர் வீட்டு அடுப்படி ஜன்னல்மேல் விழும்.

அவர் உட்காரும் ஜன்னலுக்கு மேலே 'விசாரணை' என்று எழுதியிருக்கும். ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. "விசாரணை, டீ சொல்லட்டுமா?" என்று அறையதிரக் கேட்பவர் பக்கத்து மேஜைக்காரர். மைக்கில் வண்டி நேரம் அறிவிக்கிறவர். மைக் இல்லாவிட்டாலும் அதே சத்தம். அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். விசாரணை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், செய்தித்தாளில் எதையோ படித்துவிட்டு ஒலிபெருக்கி சொன்னார்: "லைனுக்கு அந்தப் பக்கம் மனுஷன் இருப்பானாய்யா? நான் செத்தாக்கூட என்னை அந்த வழியா தூக்கிட்டுப் போகாதீங்கன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். விசாரணையும் சிரித்தார். அந்த ஒரு சிரிப்புக்குப் பிறகு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. வீடு எங்கே என்று கேட்டால், "இங்கதான், பக்கத்துல" என்பார். முதலில் அது ஒரு மழுப்பல். பிறகு பெருக்கல் குறியாயிற்று. ஒன்பது வருடமாகிவிட்டது.

இது இப்படியே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், பக்கத்து வீட்டு அக்கா லாட்ஜ் வைக்காமல் இருந்திருந்தால்.

அக்கா கண் ஆஸ்பத்திரியில் துணி தைக்கிற பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அந்த ஆஸ்பத்திரியின் முன்வாசல் பெரிய சாலையைப் பார்த்திருக்கும். பின்வாசலோ இவர்கள் தெருமுனையில் திறக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வெளியூரிலிருந்து வருகிற நோயாளிகள் தங்குவதற்கென்று மாடியில் நான்கு அறைகள் கட்டினார். கையில் இருந்தது எல்லாம் செங்கலாயிற்று. தலையணை உறைகளைத் தானே தைத்தார். கண் கட்டோடு வருகிறவர்கள் தடவித் தெரிந்துகொள்ள, அறைக் கதவுகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மரப்பொத்தான்களை ஒட்டி வைத்தார். வாசலில் மாட்டும் பலகையின் வாசகத்தை விசாரணையிடம்தான் காட்டித் திருத்திக்கொண்டார்.

"தம்பி, நீங்க ஸ்டேஷன்ல உக்காந்திருக்கறது எனக்குச் சாமி குடுத்த மாதிரி. வாரத்துக்கு நாலு பேர அனுப்பினாப் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"அதுக்கென்னக்கா, அனுப்பிட்டாப் போச்சு."

லாட்ஜின் விலாசம் அச்சடித்து அக்கா கொடுத்த ஐம்பது சீட்டுகளை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார். ஒன்றுகூட வெளியே வரவில்லை. எடுக்கவேண்டும் என்று கை போகும். பக்கத்தில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமுவார். கை திரும்பிவிடும். மாலையில் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அக்கா, "யாராச்சும் விசாரிச்சாங்களா தம்பி?" என்பார். "சீசன் இல்லக்கா" என்பார் இவர், வாய் கூசாமல். கண்நோய்க்கு ஏது சீசன்? அக்கா அதைக் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் அறைகளில் இரண்டைப் பூட்டி வைத்தார். ஐந்தாம் மாதம், வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடலாமா என்று விசாரணையின் மனைவியிடம் யோசனை கேட்டார். அன்றிரவு மனைவி, "உங்க ஸ்டேஷன்ல ஒருத்தர்கூடவா ஆஸ்பத்திரிக்கு வர்றதில்ல?" என்று கேட்டபோது அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஓவிய வாத்தியார் ஒருவர் மனைவியைக் கைப்பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். அந்த அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"சார், கண் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கோம். நாலஞ்சு நாள் ஆகலாம். எந்தப் பக்கம் தங்கினா சௌகரியம்?"

விசாரணை நகத்தில் கீற்றுப் போட்டுப் பார்த்தார். இழுப்பறை அவர் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி நாற்காலியைப் பின்னால் சாய்த்து, வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏரிக்கரை" என்றார் விசாரணை. "காத்து நல்லா வரும்."

"ஆஸ்பத்திரி பக்கமா சார்?"

"பஸ் இருக்கு."

இரண்டு பஸ் மாறவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. பெருக்கல் குறியைப் போட்டார். வாத்தியார் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, கோடு எவ்வளவு சுத்தமா விழுது உங்களுக்கு" என்றார். கைவேலை தெரிந்தவரின் பாராட்டு. விசாரணைக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

அடுத்த புதன்கிழமை, காலை வண்டிகள் போய்க் கூட்டம் வடிந்த நேரம். வரிசையில் மூன்றாவதாக நின்றவரைப் பார்த்ததும் விசாரணையின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா. வெளியூர் போகும்போது கட்டுகிற புடவை, கையில் ஒரு பை. இத்தனை வருடத்தில் அவர் அந்த ஜன்னலுக்கு வந்ததே இல்லை.

முன்னால் நின்ற இருவரும் போனார்கள். அக்கா நெருங்கி வந்தார். முகத்தில் கோபம் இல்லை. தெரிந்தவர் என்ற அடையாளமும் இல்லை.

"சார், நான் வெளியூர். கண் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன். எந்த ஏரியால தங்கலாம்?"

இவர் மேஜைமேல் இருந்த வரைபடங்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார்.

"என்ன விசாரணை, அம்மா எவ்வளவு நேரம் நிப்பாங்க?" என்றார் ஒலிபெருக்கி. "ஏரிக்கரைன்னு சொல்லி அனுப்பேன். உன் பாட்டுதான் எனக்கே மனப்பாடமாச்சே."

விசாரணை வரைபடத்தைப் பிரித்தார். ஏரிக்கரைக்கு வட்டம் போட்டார். கோர்ட்டுக்கு வட்டம் போட்டார். பேனா தாளுக்கு மேலே நின்றது. இப்போதே சொல்லிவிடலாம், இவர்தான் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, என் வீடும் அங்கேதான் என்று. சொல்ல நாலைந்து வார்த்தை போதும். அவர் பேனாவை மூடினார்.

"ஒண்ணு விட்டுப்போச்சே சார்" என்றார் அக்கா மெதுவாக. "இன்னொண்ணு போடுவீங்களாமே?"

"அதான் அந்தப் பெருக்கல்!" என்று ஒலிபெருக்கி உற்சாகமாகக் கை காட்டினார். "லைனுக்கு அந்தப் பக்கம் மட்டும் போயிடாதீங்கம்மா. சார் ரொம்ப வருஷமா எல்லாரையும் காப்பாத்திட்டு இருக்கார்."

விசாரணை பேனாவைத் திறந்தார். போட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கோடு கோணிற்று.

அக்கா தாளை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க சார்" என்றார். திட்டியிருக்கலாம். ஊரறிய அவர் வீட்டு வாசல் எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஒலிபெருக்கியின் காதில் விழாதபடி விசாரணையின் பொய்யை அவரிடமே பத்திரமாக விட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை விசாரணை மேம்பாலத்தின் நடுவிலேயே வெகுநேரம் நின்றார். கீழே இரண்டு வண்டிகள் போயின. பிறகு இறங்கி, தெருவின் மறுபக்கச் சுவரோரமாகத் தலையைக் குனிந்து நடந்தார். ஆனால் மாட்டுகிற வேளை வந்தால் எந்தச் சுவர் காப்பாற்றும்?

"சார்! சார், நீங்களா?"

அக்கா வீட்டு மாடியிலிருந்து ஓவிய வாத்தியார் கையை ஆட்டினார். ஆட்டியதோடு நிற்காமல் படியிறங்கி ஓடி வந்தார்.

"என்ன அதிசயம் பாருங்க! இந்த வீட்டம்மாவ திங்கக்கிழமை காலைல ஆஸ்பத்திரி பின்வாசல்ல பாத்தோம். அங்க ரோட்டோரமா உக்காந்திருந்தோம். வாங்கன்னு கூட்டிட்டு வந்துட்டாங்க. நேத்து ஆபரேஷன் முடிஞ்சுது. சார் யாரைப் பாக்க வந்தீங்க?"

விசாரணை பதில் சொல்வதற்குள் அவருடைய வீட்டுக் கதவு திறந்தது. "ஏங்க, இவ்வளவு நேரமா? பால் வாங்கிட்டு வந்தீங்களா இல்லையா?" என்றார் மனைவி.

வாத்தியார் அந்தக் கதவைப் பார்த்தார். விசாரணையைப் பார்த்தார். நல்ல மனிதர், அவருக்குச் சட்டென்று புரிந்ததும், புரிந்ததை மறைக்க அவர் பட்ட பாடும் முகத்தில் தெரிந்தன. சட்டைப் பையில் எட்டிப் பார்த்த வரைபடத்தை உள்ளங்கையால் மெல்ல உள்ளே தள்ளினார்.

"சரி சார், நீங்க போங்க, அலுத்து வந்திருப்பீங்க" என்றார். தன்னைவிட வயதில் மூத்த ஒருவர் தனக்காக வெட்கப்பட்டுத் தரையைப் பார்ப்பதை விசாரணை அன்றுதான் பார்த்தார்.

மாடியில் அக்கா தலையணை உறைகளை உலர்த்திக்கொண்டிருந்தார். இவர் வந்ததைக் கவனித்தார். "யாராச்சும் விசாரிச்சாங்களா?" என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாள் முதலில் வந்த குடும்பத்துக்கு விசாரணை மூன்று வட்டம் போட்டார். மூன்றாவது வட்டத்தின்மேல் அக்காவின் சீட்டை வைத்தார். ஒலிபெருக்கி நாற்காலியை நிமிர்த்தினார்.

"என்னய்யா இது, கட்சி மாறிட்டே?"

"என் வீடு அங்கதான்" என்றார் விசாரணை. காது இரண்டும் கொதித்தன. "ஒன்பது வருஷமா."

"அப்படியா?" என்றார் ஒலிபெருக்கி. டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். "என் தங்கச்சி மாப்பிள்ளை அந்தப் பக்கம்தான் வாடகைக்கு வீடு தேடுறான். நல்ல வீடு இருந்தாச் சொல்லு." பிறகு மைக்கை இழுத்து, பத்தே கால் வண்டி இருபது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்.

அவ்வளவுதான். இடி விழும் என்று பயந்து ஒன்பது வருடம் குனிந்து நடந்த இடத்தில் ஒரு தூறல்கூட விழவில்லை. அவருக்கு அது ஆறுதலாக இல்லை. இவ்வளவு சுலபமான ஒன்றுக்காகவா என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அக்காவின் நான்கு அறைகளும் நிரம்பத் தொடங்கின. விற்கும் பேச்சு நின்றது. அக்கா அவரிடம் பழையபடி பேசினார், சிரித்தார், "தம்பி" என்றே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று மூன்று முறை படிவரை போய், மூன்று முறையும் பல்புக்கு ஹோல்டர் மாட்டவேண்டுமா, தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

அடுத்த வருடம் பரிசோதனைக்காக வாத்தியாரும் மனைவியும் மறுபடி வந்தார்கள். விசாரணையே போய்ப் பையை வாங்கிக்கொண்டார். படியேறும்போது அந்த அம்மாவின் வலது கை காற்றில் சுவரைத் தேடியதைக் கண்டார். அந்த அம்மா கதவில் இருந்த மரப்பொத்தான்களை விரலால் எண்ணித்தான் தன் அறையைத் தெரிந்துகொண்டார்.

"அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லா ஆச்சுன்னு நெனச்சேனே?" என்று அன்றிரவு தன் மனைவியிடம் கேட்டார்.

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"இடது கண்ணு முன்னாடியே மங்கல். வலது கண்ணும் போயிடுச்சு. விழித்திரை பிரிஞ்சிருந்துதாம். சனிக்கிழமை காலைல ஏரிக்கரைலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றதுக்குள்ள டோக்கன் முடிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை லீவு. அந்த ரெண்டு நாள் முந்தியிருந்தா ஒட்ட வச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா சொன்னாங்க. அப்பவே. அந்தப் புதன்கிழமை காலைல, ஸ்டேஷனுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. 'தம்பிகிட்ட இதை மட்டும் சொல்லிடாதே, தாங்கமாட்டார்'னு சத்தியம் வாங்கிட்டுத்தான் போனாங்க."