பங்கிராஸ் அமுக்கிய மூச்சு

பங்கிராஸ் அவசரக்காரர். திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டப் போனால், மற்றவர்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் இரண்டை முடித்துவிட்டுப் பீடிக்குத் தீப்பெட்டி தேடுவார். அழுகையும் அவருக்கு அப்படித்தான், முந்திக்கொண்டு வரும். உத்தமபாளையம் பக்கம் எங்கள் தெருவில் இதைச் சொல்லிக் கேலி செய்யாத ஆள் இல்லை. நானும் செய்திருக்கிறேன். போன ஐப்பசிக்குப் பிறகு செய்வதில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை அவர் மனைவி பிலோமினா வயிற்றுவலி என்று எழுந்தார். இரவில் பாயில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் தீண்டியது அவருக்கே தெரியாது. அந்தக் கடி பெரும்பாலும் வலிக்காது. நாங்களோ சூட்டுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் இமை இரண்டும் தானாகச் சரிந்தன.

"ஏன், ராத்திரி தூங்கலையா நீயி?" என்று பங்கிராஸ் சிரித்தார். பதில் குழறலாக வந்ததும் சிரிப்பு நின்றது. ஆட்டோ பிடித்து ஏற்றினோம்.

தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிலோமினா மூச்சு இழுக்கத் திணறினார். சரிந்த இமைகளைப் பார்த்ததுமே கட்டுவிரியன் கடி என்று சொன்ன டாக்டரம்மா, தொண்டைக்குள் குழாயை இறக்கி, அதன் நுனியில் ஒரு ரப்பர் பையை மாட்டினார். விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு மெஷின் சாயங்காலம்தான் காலியாகுமாம். அதுவரை பையைக் கையால் அமுக்க வேண்டும். நர்ஸ் பெனிட்டா அதைப் பங்கிராஸ் கையில் கொடுத்தார்.

"இருதயம் தானாத் துடிச்சுக்கும்ணே. நரம்பு அதோட வேகத்தக் கூட்டும், கொறைக்கும், அம்புட்டுத்தான். மூச்சு அப்படியில்ல. ஒவ்வொரு தடவையும் மூளை நரம்பு வழியா நெஞ்சுச் சதைக்குச் சொல்லணும். அந்தச் சேதி போய்ச் சேர்ற எடத்த விஷம் அடைச்சிருக்கு. அஞ்சு எண்ணி ஒருக்கா அமுக்குங்க. விட்டுராதீக."

ஒரு மணி நேரம் அமுக்கினார். பிலோமினாவிடம் ஓர் அசைவும் இல்லை. தன் அண்ணன் சவரிமுத்து வந்து நின்றதும் பங்கிராஸ் உடைந்துவிட்டார்.

"முடிஞ்சுபோச்சுண்ணே. கட்டையாட்டம் கெடக்கா. சர்ச்சு சாமியார்ட்டச் சொல்லிக் குழி வெட்டச் சொல்லிருண்ணே."

மானிட்டரில் இதயத் துடிப்பு எண்பத்தெட்டில் இருந்தது. நூற்றுப் பத்து ஆனது. நூற்று முப்பத்தாறு ஆனது. மணி அலறியது. பெனிட்டா ஓடிவந்து குழாயைப் பார்த்தார், பையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"இங்கன என்ன பேசுனீக?"

குழி வெட்டுகிற பேச்சைச் சவரிமுத்து சொன்னார்.

"அக்காவுக்குக் காது கேக்குது. மூளை முழிச்சுத்தான் இருக்கு. கண்ணத் தொறக்க முடியாது, கத்த முடியாது. பயத்தச் சொல்ல இருதயத்துக்குப் போற நரம்பு மட்டுந்தான் அவுகளுக்கு மிச்சம்."

இதைக் கேட்டதும் பங்கிராஸுக்கு மூச்சு வாங்கியது. அவர் இரைத்த இரைப்பில் பையும் தறிகெட்டு ஓடியது.

"ஒங்க பயத்த அக்கா நெஞ்சுக்குள்ள அமுக்காதீக!" பெனிட்டா அதட்டினார்.

பங்கிராஸ் மாதாவை வேண்டும் மங்கள வார்த்தை செபத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். வீட்டில் செபமாலை சொல்லும்போது முதல் பாதி அவருடையது, மறு பாதி பிலோமினாவுடையது. ஒரு பாதி சொல்ல ஐந்து எண்ணுகிற நேரம் ஆகும்; தன் பாதிக்கு ஓர் அமுக்கு அமுக்கினார். பிலோமினாவின் பாதியையும் தானே சொல்லி இன்னோர் அமுக்கு. ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. ஒவ்வொரு அமுக்குக்கும் நடுவில், அடுத்ததைத் தவறவிட்டுவிடுவோமோ என்று செத்துப் பிழைத்தார். எண் நூற்று இருபதுக்கு இறங்கியது. பிறகு நூறு. மெஷின் வந்தபோது அவர் விரல்களை நாங்கள்தான் பையிலிருந்து பிரித்தெடுத்தோம்.

நான்காம் நாள் பிலோமினா தானாக மூச்சு விட்டார். குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் முதல் பேச்சே புருஷனிடம்தான்.

"குழி வெட்டச் சொன்னீகள்ல, அப்ப நான் எம்புட்டுக் கத்துனேன் தெரியுமா? ஒருத்தருக்கும் கேக்கல."

பங்கிராஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றார். "நூத்தி முப்பத்தாறு வரைக்கும் கத்துன."