ஆபீசர் வீட்டுத் துண்டு

அப்பாவிடம் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் வாங்கியது. சட்டைப் பையில் அடங்கிவிடும். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்துகொண்டு பொருளில் ஆளை ஏமாற்றும் சொற்றொடர்களை மட்டும் அதில் அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது. லுக் ஃபார் என்றால் தேடுவது. லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாக நினைப்பது. இன் டைம் வேறாம், ஆன் டைம் வேறாம். அதைப் படிக்கப் படிக்க, அதுவரை அப்பாவுக்குத் தெரிந்திருந்த கொஞ்ச இங்கிலீஷும் அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்கு எட்டாவது மாதம். அம்மாவின் பிறந்த வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பிரசவம் நெய்வேலியிலேயே என்று முடிவாகியிருந்தது. அப்பாவுக்கோ சுரங்கத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட். அந்த வாரத்தில் வலி எடுத்தால் குவார்ட்டர்ஸில் அம்மாவும் நானும்தான். பிரசவம் முடியும்வரை பகல் வேலையான ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்கவேண்டும். அதைக் கொடுக்கக்கூடியவர் புதிதாக வந்திருந்த பெரிய ஆபீசர். வடக்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. வேலையிடத்தில் நாலு பேர் முன்னால் இங்கிலீஷ் பேசக் கூச்சப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே போய்க் கேட்பது என்று அப்பா தீர்மானித்தார்.

ஒத்திகை எங்கள் முன்னறையில் நடந்தது. அம்மா ஆபீசராக நாற்காலியில் உட்கார்ந்தாள். புத்தகம் என் கையில்.

"என்னாய்யா வேணும் உனக்கு?" என்றாள் அம்மா.

"அவருக்குத் தமிழ் தெரியாது."

"அப்ப நான் இன்னா பேசறது?"

"ஒண்ணும் பேசாத. மூஞ்சிய மட்டும் உர்ருன்னு வெச்சிக்க."

அம்மா அப்படியே வைத்துக்கொண்டாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, வீட்டில் மனைவியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்பதை இங்கிலீஷில் ஆரம்பித்தார். 'லுக்' வரைக்கும் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு எந்த வால் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"ஒரு துளி மாறிச்சுன்னா, பொண்டாட்டிய தேடிக்கினு இருக்கறேன்னு ஆயிடும். இல்லன்னா அவள இளக்காரமா நெனைக்கிறேன்னு ஆயிடும்" என்றார் அப்பா, நிஜமாகவே வியர்த்துப்போய்.

"ரெண்டாவது உண்மதானே" என்று ஆபீசர் சிரித்துவிட்டார். அன்றைய ஒத்திகை அத்துடன் முடிந்தது.

இந்த இடத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்கினால், அந்த வீட்டுக் கேட்டில் ஒரு துண்டைப் போட்டுவைப்பார்கள். துண்டைப் பார்த்தால் பால்காரர் மணி அடிக்கமாட்டார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவோம். துண்டு தொங்கும் வீட்டில் கேட்டைத் தட்டியதற்காக நான் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அப்பா துவைத்த சட்டையோடு கிளம்பினார். புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள நான் சைக்கிளின் பின்னால். வழி நெடுக அவர் முதுகு லுக் ஆஃப்டர், லுக் ஆஃப்டர் என்று முணுமுணுத்தது. ஆபீசர்கள் வசிக்கும் பிளாக்கில் வீடுகள் பெரிதாகவும் மரங்கள் அதிகமாகவும் இருந்தன. அந்த வீட்டின் முன்னால் சைக்கிளை நிறுத்தினார். கேட்டில் பூப்போட்ட பெரிய துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா அதையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்கறாருபோல" என்றார், ரகசியமாக.

நானும் மெல்லத் தலையாட்டினேன். எதிரே இருந்த புங்கமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றோம். அப்பா சைக்கிள் செயினைத் துடைத்தார், டயரை அழுத்திக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். துண்டு அசையவில்லை. திரும்பிவிட்டோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன், "கேட்ல துண்டு தொங்கிச்சும்மா. அதான் நாங்க கூப்பிடல."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிட அதிகநேரமாக.

"நல்லவேள எழுப்பாம வந்தீங்க. பாவம், தூங்கட்டும்" என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா மதியம் இரண்டாவது ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா புடவை மாற்றிக்கொண்டு என்னையும் கிளப்பினாள். என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அப்பாவின் பெயரையும் டோக்கன் நம்பரையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதச் சொன்னாள். இடுப்பில் கைவைத்து நின்று நின்று நடந்தாள். அந்த வீட்டுக் கேட்டில் அதே துண்டு தொங்கியது.

அம்மா அதைக் கேட்டிலிருந்து எடுத்தாள். உதறினாள். நான்காக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தாள்.

"அம்மா, தூங்கறாரும்மா!"

"தூங்கனா எழுந்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீசரின் மனைவி கதவைத் திறந்தார். அம்மா துண்டை அவரிடம் நீட்டினாள். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். என் தோளைத் தொட்டு, நாங்கள் இருவர் மட்டும் என்று இரண்டு விரல் காட்டினாள். "நைட் ஷிப்ட்" என்று சொல்லிக் கையை விரித்தாள். என் தாளைக் கொடுத்தாள். அந்தம்மா சிரித்தார், ஏதோ கேட்டார், அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒரு லுக்கும் தேவைப்படவில்லை.

வரும் வழியில், "நாம வந்தது அப்பாவுக்குத் தெரியக்கூடாது" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் அப்பா சைக்கிள் மணியடித்துக்கொண்டே வந்தார். ஜெனரல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. ஆபீசரே கூப்பிட்டனுப்பிக் கொடுத்தாராம். "நாம அன்னிக்கு எழுப்பாம திரும்புனத யாரோ சொல்லியிருக்கணும்" என்றார்.

"தங்கமான மனுஷன்" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

தம்பி பகல் பதினோரு மணிக்குப் பிறந்தான். அப்பா அப்போது ஜெனரல் ஷிப்டில் இருந்தார்.

தூங்குகிறவரை எழுப்பியதற்காகவும் அப்பாவிடம் மறைத்ததற்காகவும் அம்மாமேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. நல்லவர் அப்பாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மகனின் காலேஜுக்கு ஹாஸ்டல் விஷயமாகப் பேசப் போனேன். ஹாஸ்டலுக்குப் பொறுப்பான மேடம் இங்கிலீஷில்தான் பேசுவார் என்று மகன் முன்பே சொல்லியிருந்தான். அவர் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. "உள்ளே மீட்டிங் நடக்குதுபோல. அப்புறம் வரலாம்டா" என்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். "சரிம்மா" என்று கூடவே திரும்பிவிட்டான்.

படியிறங்கும்போதுதான் அந்தப் பூப்போட்ட துண்டு ஞாபகம் வந்தது. அவ்வளவு பெரிய ஆபீசருக்கு நைட் ஷிப்ட் ஏது? அது அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். வீட்டில் இருந்த மூன்று பேரில் அந்தத் துண்டை நம்பியவள் நான் ஒருத்திதான்.