காலி என்று யார் சொன்னாலும்

என் அப்பா ஸெனான் கோவாலிக், பனியில் கல்லை வழுக்கிவிட்டு விளையாடும் எங்கள் ஊர் கர்லிங் கூடத்துக்குப் பனித்தளம் போடுகிறவர். அக்டோபரிலிருந்து மார்ச் வரை அதுதான் வேலை. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டி உறைய வைத்தால் தளம் விரிசல் விட்டுவிடும். தாள் கனத்துக்கு ஒரு பூச்சு, அது இறுகியதும் இன்னொரு பூச்சு, இப்படி முப்பது. கடைசியில் முதுகில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு, துளித்துளியாகத் தெளித்தபடி, பின்பக்கமாகவே நடந்து போவார். ஒரு கோடு கூடக் கோணாது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால், யாரோ அவரை மெதுவாக ஒரு கனவுக்குள் திரும்ப இழுத்துக்கொள்வதுபோல் இருக்கும்.

மற்ற நேரத்தில் அவர் பாதிதான் இங்கே இருப்பார். பெரோகிக் கொழுக்கட்டையை வேகப் போட்டுவிட்டு வாத்துக்கூட்டம் போகும் சத்தம் கேட்டு வெளியே போவார். திரும்பி வரும்போது சட்டியின் அடிப்பாகம் இருக்காது. ஒருமுறை வின்யார்ட் என்ற ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் வந்துவிட்டார். வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே வந்தாராம்.

"நீ பதிலே சொல்லல லோர்னா. ஏதோ கோவத்துல இருக்கேன்னு நெனச்சேன்" என்றார் பிறகு.

அம்மா பதினேழு வருடம் பொறுத்தாள். போன வருடம் சண்டை எதுவும் போடாமல், என்னையும் தன் துப்பாக்கி அலமாரியையும் தூக்கிக்கொண்டு, நாலு தெரு தள்ளி வேறு வீட்டுக்குப் போனாள். அம்மா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். பன்னிரண்டு வயதிலிருந்து மான் வேட்டைக்குப் போகிறவள். இரண்டு நவம்பராக நானும் அவளோடு போகிறேன். சிறுவர்களுக்கான உரிமம் என்னிடம் இருக்கிறது. என் பெயர் நல்ல விதமாக எழுதப்பட்டிருக்கும் ஒரே காகிதம் அதுதான்.

போன நவம்பரில் அப்பா என்னிடம் கேட்டார்: "மான் வர்றதுக்கு முன்னாடி, சும்மா உக்காந்திருப்பீங்கல்ல, அப்ப அங்க என்ன கேக்கும்?"

"உங்க வயிறு உறுமுற மாதிரி ஒண்ணு கேக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நின்றார். அதனால் நானும் நிஜத்தைச் சொன்னேன். பனி கிளையிலிருந்து நழுவும். தூரத்தில் ஏதாவது ஒரு தானியக் கிடங்கின் விசிறி ஓடும். அப்புறம் எதுவும் இருக்காது, அந்த எதுவும் இல்லாததே ஒரு சத்தமாக இருக்கும். அப்பா தலையாட்டிக்கொண்டே போனார்.

வருகிற இலையுதிர்காலத்தில் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்துவிட்டார்கள். பதினெட்டு ஆகாத நான், உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் துப்பாக்கியோடு காட்டுக்குப் போக முடியாது. இதைக் கேட்டதும் அப்பா, "நான் கத்துக்கறேன்" என்றார். நாற்பத்தொன்பது வயதில், வாழ்க்கையில் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியைக் கூடத் தொட்டிராத மனிதர்.

ஏப்ரலில், பனித்தளத்தை உருக்கி விட்டபிறகு, அதே கூடத்தின் மாடியில் இரண்டு வாரக் கடைசிகள் வகுப்பு நடந்தது. நடத்தியது வெர்லா ஸ்டென்ஸ்ரூட், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படிக்க வந்தவர்கள் பண்ணைப் பையன்கள் எட்டுப் பேர், என் அப்பா. நான் நாற்காலி அடுக்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லி உள்ளே புகுந்துகொண்டேன். அப்பா அவமானப்படுவதைப் பார்க்க வந்தேன் என்று பையன்களிடம் சொன்னேன். உண்மையில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் அவன் சைக்கிளின் காற்றைப் பிடுங்கிவிட வந்தேன்.

முதல் பாடம் ஒரே வரி. எந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலும் அதில் தோட்டா இருக்கிறது என்றே நினைக்க வேண்டும், காலி என்று யார் சொன்னாலும் சரி. பையன்கள் "தெரியும், தெரியும்" என்றார்கள். சிறு வயதிலிருந்தே தொட்டுப் பழகியவர்கள். அடுத்த நிமிடமே, சுட முடியாதபடி செய்த அந்த வகுப்புத் துப்பாக்கியை வாங்கித் திரும்புகிற அவசரத்தில் வரிசையாக எல்லோருடைய வயிற்றின் மேலும் குழலை ஓட்டினார்கள்.

"இப்ப நீ மூணு பேரைக் கொன்னுட்டே, ப்ரேடன்" என்றார் வெர்லா. "வெளியே போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

அப்பாவின் முறை வந்தது. உடனே கையை நீட்டவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. விசைக்கு வெளியே விரலை நீட்டி வைத்து, தாழை இழுத்துத் திறந்து, தோட்டா இருக்கும் அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்த்து, அப்புறம்தான் மூச்சு விட்டார். அந்த இடைவெளியில் ஒரு பையன் கொட்டாவியே விட்டுவிட்டான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அது சுடவே சுடாதுப்பா. குழலுக்குள்ள ஈயம் ஊத்தி அடைச்சிருக்கு. என்னத்துக்கு அப்படி நடுங்கினீங்க?"

"அதுலேர்ந்து ஒரு கோடு போகுது ரோக்சி" என்றார். "சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, நம்ம தெரு யூர்கிவ் அம்மா சமையக்கட்டு வழியா போகுது. அவங்க அங்க உக்காந்து முட்டைக்கோஸ் இலையில சாதம் சுருட்டிட்டிருக்காங்க. நான் கையை ஆட்டினா கோடு அவங்க காது பக்கம் போகுது."

பாதி ஊர் தினமும் துப்பாக்கி தூக்குகிறது. அந்தக் கோட்டை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் தோட்டா இருப்பதாகப் பாவனை செய்கிறார்கள். இவர் நம்புகிறார்.

வீட்டில் ஹாக்கி மட்டையைத் துப்பாக்கியாக வைத்துப் பயிற்சி செய்தார். சோபாவை வேலியாக்கி, மட்டையை முதலில் காலி செய்து, தரையில் கிடத்தி, அந்தப் பக்கம் போய், எடுத்து, மறுபடி திறந்து பார்ப்பார். பூனை குறுக்கே வந்தால் மட்டையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டு அது போகும்வரை நிற்பார். எங்கள் பூனைக்கு வேறு வேலை இல்லை, போகாது.

இரண்டாவது வாரம் என் கைவரிசை. பயிற்சிக்கு வைத்திருந்த போலித் தோட்டாக்களைப் பெட்டி மாற்றிப் போட்டுவிட்டேன். பையன்கள் பெட்டியின் எழுத்தைப் பார்த்து எடுத்து, தப்பான துப்பாக்கியில் திணித்துத் திண்டாடினார்கள். அப்பா ஒவ்வொரு தோட்டாவையும் ஜன்னலோரம் கொண்டுபோய், அடியில் பொறித்திருந்த எண்ணைப் படித்து, குழலில் பொறித்திருந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வெர்லா என்னை மாடிப்படிக்கு இழுத்துப் போனார். "நீதானே?"

"ஆமா."

"அடுத்த வகுப்புக்கும் வா. இதே மாதிரி மாத்தி வை."

துப்பாக்கி வாங்குவதைப் பற்றி வெர்லா சொன்னதையும் எழுதிவிடுகிறேன், புதிதாக ஆரம்பிக்கிற யாருக்காவது உதவும். உரிமம் வருமுன் கடைக்காரரிடம் வாக்குக் கொடுக்காதே. பெரிய தோட்டா பெரிய ஆளாக்காது. சுட்டதும் தோளில் விழும் உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவன் எதையும் சுடமாட்டான், அதனால் உதை குறைந்த சிறிய ரைஃபிளில் தொடங்கு. குளிர்கால மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போ. கண்ணை மூடிக்கொண்டு தோளில் வை, திற. கண் நேராகக் குறியின் வழியே பார்த்தால் அது உன் அளவு. தலையை நீட்டித் தேட வேண்டியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடு. கையிலிருக்கும் பணத்தை எல்லாம் துப்பாக்கிக்கே கொட்டாதே. காது மூடி, கண்ணாடி, பூட்டு, நிறையத் தோட்டா, இவற்றுக்கு மிச்சம் வை.

அப்பா கடையில் கோட்டோடு போய் நின்று, கண்ணை மூடித் தோளில் வைத்தார். திறக்கவே இல்லை.

"உங்கப்பா தூங்கிட்டாரா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, கிளையிலேர்ந்து பனி விழுது" என்றார் அப்பா, கண்ணை மூடியபடியே.

ஊருக்கு வெளியே சுடும் திடலில், வெர்லா பக்கத்தில் நிற்க, முதன்முதலாக நிஜத் தோட்டா. அப்பா பாதி மூச்சை வெளியே விட்டு நிறுத்தினார். அவ்வளவு நேரம் நிறுத்தினார், கொசு ஒன்று அவர் புருவத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. ஐந்தில் மூன்று அட்டையைத் தொடவில்லை. "மூச்சு தீர்ந்துபோச்சுன்னா விட்டுட்டுத் திரும்ப ஆரம்பிங்க, செத்துப்போயிடாதீங்க" என்றார் வெர்லா. எழுத்துப் பரீட்சையில் அப்பாதான் வகுப்பில் முதல். ப்ரேடன் மறுபடி எழுத வேண்டும்.

மீதி இருந்தது விண்ணப்பம். எங்கள் நாட்டில் அதில் ஓர் இடம் உண்டு: இரண்டு வருடத்துக்குள் சேர்ந்து வாழ்ந்த மனைவியோ கணவனோ அங்கே கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அதிகாரிகளே அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அடித்தவன், மிரட்டியவன் கையில் துப்பாக்கி போகக்கூடாது என்பதற்காக.

நான்தான் காகிதத்தை அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"போட மாட்டேன்."

"அப்பா யாரையும் அடிச்சதே இல்ல."

"அதுக்கா சொல்றேன்? உங்கப்பா அடுப்பை மறக்கறவர். என்னையே பெட்ரோல் பங்கில மறந்தவர். காட்டுல பக்கத்துல நிக்கப்போறது யாரு, நீ." அம்மா காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "பதினோரு வருஷமா நான் ஆம்புலன்ஸ்ல ஏத்தினவங்க யாரும் கோவத்துல சுடப்படல ரோக்சி. எல்லாம் காலின்னு நெனச்சதுதான்."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். இந்த நவம்பர் வேட்டை போய்விட்டது என்று தெரிந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "அவ சொல்றதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றார்.

மே மாதம் ஒரு ஞாயிறு மதியம், நான் அப்பா வீட்டில் இருந்தேன். பள்ளங்களில் உருகிய பனி நின்று, வானம் முழுக்கத் தரையில் கிடந்தது. அம்மாவின் வண்டி வந்து நின்றது. இறங்கி, உறையிலிருந்து தன் ரைஃபிளை எடுத்தாள். குழல் மண்ணைப் பார்க்க, தாழ் மூடியபடி, நேராக அப்பாவிடம் நடந்து வந்து நீட்டினாள்.

"காலிதான். பிடி."

அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தாழைத் திற, லோர்னா."

"வீட்டிலேர்ந்து கெளம்பறப்ப நானே பார்த்தேன். காலி."

"திற."

"என்னை நம்பலையா நீ?"

பதினேழு வருடம் அம்மா எது சொன்னாலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு "சரி" என்றவர். இப்போது அவள் முகத்தையே பார்த்தார்.

"இல்ல" என்றார். "திறந்து காட்டு."

அம்மா திறந்தாள். காலிதான். அப்பா குனிந்து பார்த்தார், சுண்டுவிரலை விட்டுத் தடவினார், அப்புறம் வாங்கிக்கொண்டார். வாங்கியதும் உடம்போடு சேர்ந்து மெதுவாக, பனித்தளத்தில் திரும்புவதுபோல, அரை வட்டம் திரும்பினார்.

"என்ன தேடறே?" என்றாள் அம்மா.

"இது யார் மேலயும் போகாத இடம்."

"இப்ப எங்க போகுது?"

"யூர்கிவ் அம்மா கொட்டகைக்குப் பின்னாடி மண்மேட்டுல. அங்க யாரும் இல்ல. ஒரு முயல் இருந்துச்சு. போயிடுச்சு."

அம்மா அந்த மண்மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரைஃபிளைத் திறந்தபடியே திரும்ப வாங்கி, உறையில் போட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டாள். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு விண்ணப்பத்தை அனுப்பினார்.

"கூப்பிட்டுக் கேப்பாங்கப்பா. அம்மா எல்லாத்தையும் சொல்லிடுவா."

"சொல்லட்டும். உனக்காகத்தானே சொல்லுவா."

ஜூன் நடுவில் ரெஜைனாவில் இருக்கும் துப்பாக்கி உரிம அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அம்மா சமையலறையில் நின்று பேசினாள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து, பால் எங்கே என்று தேடினேன். பால் என் மூக்குக்கு முன்னால் இருந்தது.

"ஆமாங்க, லோர்னாதான்… இல்ல. கையே ஓங்கினதில்ல… குடியா? கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ். அதையும் எங்க வச்சோம்னு மறந்துடுவார்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "மறதிதாங்க பிரிஞ்சதுக்குக் காரணம். என்னை வின்யார்டில விட்டுட்டுப் போனார். நிஜமாத்தான். எழுதிக்கோங்க." ஃபிரிட்ஜின் குளிர் என் முழங்காலுக்கு இறங்கியது. "பயமான்னா… எனக்கு இல்ல. என் பொண்ணு கூடப் போவா. அதுக்குத்தான் கையெழுத்துப் போடல."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க. போன மாசம் நானே துப்பாக்கியை நீட்டிக் காலின்னு சொன்னேன். அந்த மனுஷன் என்னை நம்பல… இல்லங்க, அது நல்லது. எனக்குத் தெரிஞ்ச அத்தனை பேரும் நம்பியிருப்பாங்க. நானே நம்பியிருப்பேன்… ஆட்சேபணை இல்ல. ஆமா, தெளிவாத்தான் சொல்றேன். ஆட்சேபணை இல்ல."

வைத்துவிட்டு, "ஃபிரிட்ஜை மூடு" என்றாள். மூடினேன்.

"துப்பாக்கி என் அலமாரியில இருக்கும். சாவி என்கிட்ட. சீசன்ல உங்கப்பா விடியறதுக்கு முன்னாடி வந்து வாசல்ல நின்னு கேட்டு வாங்கிட்டுப் போகணும், வந்து திருப்பித் தரணும். மறந்து வரலைன்னா நீ தூங்கு. போய்ச் சொல்லு."

கர்லிங் கூடத்துக்கு ஓடினேன். கோடையில் அங்கே பனி இல்லை, சிமெண்ட் தரைதான். மேல் ஜன்னலிலிருந்து வெளிச்சம் நீளமாக விழுந்துகிடந்தது. அப்பா நடுவில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன், வின்யார்டையும் சேர்த்து.

அவர் நடந்துபோய்த் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"வாசல்ல மணி இருக்கா? இல்ல கதவைத் தட்டணுமா?"

"மணி கெட்டுப்போய் ஆறு மாசம். தட்டுங்க. ரொம்ப பலமா வேண்டாம், அம்மாவுக்கு அப்ப கால் கட்டுல இருக்கும்."

அப்பா தலையாட்டினார். விரல்களை மடக்கி, காற்றில் மெதுவாக இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.